அமோனியா: லேசான வாயு தரையோடு ஊர்வது ஏன்?

தொழிற்சாலையில் புழங்கும் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான நாடுகளில் ஒரே வரிசையில் 16 பிரிவுகள். அதைக் கையில் எடுப்பவர்கள் முதலுதவி, தீயணைப்பு என்று நேரே அங்கே போய்விடுவார்கள். ஒன்பதாம் பிரிவை யாரும் சீண்டுவதில்லை. கொதிநிலை, ஆவியழுத்தம், அடர்த்தி, கரைதிறன் என்று வெறும் எண்களாக இருக்கும். பள்ளிக்கூடப் பாடப்புத்தக வாடை அடிக்கும். ஆனால் ஒரு நச்சுப்பொருள் எப்படித் தாக்கும், எங்கே பாயும், எதற்கு அடங்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பிரிவிலேயே ஒளிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் மற்றப் பிரிவுகளில் பாதியை நாமே ஊகித்துவிடலாம்.

இதைக் காட்ட அமோனியாவைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. முதலில் நீர் அற்ற தூய அமோனியாவின் எண்களைப் பார்ப்போம். கொதிநிலை மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். காற்றை 1 என்று வைத்துக்கொண்டால் ஆவியின் அடர்த்தி 0.6. நீரில் கரைதிறன் மிக மிக அதிகம். இந்த மூன்றில் ஒன்று மட்டும் படிப்பவரை ஏமாற்றும். எது என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

ஒரு நைட்ரஜன் அணுவோடு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் அமோனியா. நிறமில்லை, மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து இதைத் தயாரிக்கும் ஹேபர்-போஷ் முறையில் முதல் பெரிய ஆலை 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் தயாராகிறது. பெரும்பகுதி யூரியாவாகவும் மற்ற உரங்களாகவும் மாறி வயலுக்குப் போகிறது. மிச்சம் நைட்ரிக் அமிலம், வெடிபொருள், நைலான் இழை, துப்புரவுத் திரவம் என்று பிரிகிறது. குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் ஆலை, மீன் பதப்படுத்தும் கூடம் ஆகியவற்றின் குழாய்களில் ஓடுவதும் இதே அமோனியாதான். அங்கே அதற்கு ஆர்-717 என்று பெயர். புரதம் செரிக்கும்போது நம் உடம்பிலும் கொஞ்சம் உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஆகவே உடம்புக்கு அந்நியமான பொருள் என்று சொல்ல முடியாது. எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மைனஸ் 33

அமோனியாவின் தம்பி என்று பாஸ்பீனைச் சொல்லலாம். நைட்ரஜனுக்குப் பதில் பாஸ்பரஸ், அதே மூன்று ஹைட்ரஜன். எடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. எடை கூடினால் கொதிநிலையும் கூட வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் பாஸ்பீன் மைனஸ் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. லேசான அமோனியா மைனஸ் 33 வரை திரவமாகத் தாக்குப்பிடிக்கிறது. காரணம், அமோனியா மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நீரிலும் இதே பிணைப்புதான். இந்தப் பங்காளி உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பதுதான்.

இந்தப் பிடிமானத்தால் தொழிலுக்கு ஒரு சௌகரியம் கிடைக்கிறது. ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அமோனியா மிதமான அழுத்தத்துக்கே பணிந்துவிடும். 20 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல எட்டரை மடங்கு போதும். சமையல் எரிவாயு சிலிண்டரை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புவது தெரியும் அல்லவா, அமோனியா சிலிண்டரும் டேங்கரும் அதே மாதிரிதான்: கீழே திரவம், மேலே ஆவி, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும்.

வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். 40 டிகிரியில் அது 15 மடங்கைத் தாண்டிவிடுகிறது. திரவமும் சூட்டில் விரியும். மைனஸ் 33-ல் ஒரு லிட்டர் 680 கிராம் எடையிருக்கும். 20 டிகிரியில் 610 கிராம்தான். அதாவது பத்து சதவீதத்துக்கும் மேல் பருமன் கூடிவிடுகிறது. அதனால்தான் தொட்டியை வாய்வரை நிரப்பக் கூடாது, சுமார் 85 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்ற விதி. இரண்டு வால்வுகளை மூடி, நடுக்குழாயில் திரவ அமோனியா சிக்கிக்கொண்டால் அது விரிய இடமில்லாமல் குழாயையே பிளந்துவிடும். பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் எந்த வால்வை முதலில் மூடுவது என்பதில் அவ்வளவு கறாராக இருப்பது வீம்புக்கு அல்ல.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டின் டக்கார் நகரம் சாட்சி. 1992 மார்ச் 24 அன்று கடலை எண்ணெய் ஆலை ஒன்றில் நின்றிருந்த அமோனியா டேங்கர் வெடித்துப் பிளந்தது. ஏற்கெனவே விரிசல் கண்டு பழுதுபார்க்கப்பட்ட தொட்டி. அதன் கொள்ளளவுக்கு மேல் நிரப்பப்பட்டும் இருந்தது. 129 பேர் இறந்தார்கள். அமோனியா விபத்துகளில் இதைவிட மோசமானதாக ஒன்றை நான் படித்ததில்லை.

ஏமாற்றும் எண்

இப்போது அந்த 0.6. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, அமோனியாவுக்கு 17. எனவே அது காற்றைவிடக் கணிசமாக லேசு. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். பயிற்சி வகுப்புகளில்கூட இதை அப்படியே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. நடைமுறையில் ஆளைக் கொல்வது அந்த மறுபாதி.

குழாய் மூட்டில் ஒரு கேஸ்கெட் லேசாகத் தேய்ந்து, அங்கிருந்து ஆவி மட்டும் கசிகிறது என்றால் அது மேலேதான் போகும். கூரைக்கடியில் தங்கும். கம்ப்ரசர் அறைகளில் அமோனியா உணரிகளை உயரத்தில் மாட்டுவது இதற்காகத்தான். அழுத்தத்தில் இருக்கும் திரவம் வெளியே பீய்ச்சி அடித்தால் கதையே வேறு.

25 டிகிரியில் இருக்கும் திரவ அமோனியா, வெளியே வந்த கணத்தில் தன் கொதிநிலையைவிடக் கிட்டத்தட்ட 60 டிகிரி சூடாக இருக்கிறது. அந்த உபரி வெப்பத்தைச் செலவழித்து ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிறது. எவ்வளவு? ஒரு கிலோ அமோனியாவை ஆவியாக்க 1,370 கிலோஜூல் வேண்டும். கையிருப்போ 270 கிலோஜூல் அளவுதான். ஆக, ஐந்தில் ஒரு பங்கு ஆவியாவதற்குள் இருப்பு தீர்ந்துவிடுகிறது. மீதி நான்கு பங்கு மைனஸ் 33 டிகிரியில் திரவமாகவே நிற்கிறது. பாய்ந்து வரும் வேகத்தில் அது பொடித்துளிகளாகச் சிதறி ஆவியோடு மிதக்கிறது. துளிகள் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து உறிஞ்ச, காற்று குளிர்ந்து கனக்கிறது. காற்றின் ஈரம் உறைந்து வெண்மூட்டமாகத் திரள்கிறது.

இங்கே பலரும் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த வாயு என்பதால் கனமாகிவிடுகிறது என்பார்கள். அது போதாது. மைனஸ் 33 டிகிரியிலும் தூய அமோனியா ஆவியின் எடை கன மீட்டருக்கு 0.9 கிலோவைத் தொடுவதில்லை. சாதாரணக் காற்று 1.2 கிலோ. குளிர்ந்த பிறகும் அது லேசுதான். மேகத்தைக் கீழே இழுப்பது அதில் மிதக்கும் துளிகளும், அவை குளிரவைத்த காற்றும். துளிகள் முழுக்கத் தீர்ந்து காற்றும் சூடாகும் வரை அந்த மேகம் கனமான வாயுவைப் போலவே நடந்துகொள்ளும்: தரையோடு பரவும், பள்ளத்தில் இறங்கும், காற்றுக்கு எதிராகக்கூடச் சற்றுத் தூரம் ஊரும்.

1983-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘டெசர்ட் டார்டாயிஸ்’ என்ற பெயரில் அமோனியாவை வேண்டுமென்றே டன் கணக்கில் திறந்துவிட்டு அளந்து பார்த்தார்கள். மேகம் உயரமே இல்லாமல், அகலமாகத் தரையை ஒட்டிப் போனது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1973 ஜூலையில், தென்னாப்பிரிக்காவின் பாச்செஃப்ஸ்ட்ரூம் நகரில் உர ஆலைத் தொட்டி ஒன்றின் முனை உடைந்து சுமார் 38 டன் வெளியேறியது. உடனடியாக எழுந்த மேகம் ஏறத்தாழ 150 மீட்டர் அகலம், உயரமோ 20 மீட்டர் அளவு. 18 பேர் உயிரிழந்தார்கள். ‘லேசான’ வாயுவின் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

வெண்மூட்டம் தெரிவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் உறைந்த நீர்த்துளி. அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மூட்டத்தின் விளிம்பைத் தாண்டியும் அது பரவியிருக்கும். வெள்ளை எங்கே முடிகிறதோ அங்கே பாதுகாப்பு தொடங்குகிறது என்று கணக்குப் போடக் கூடாது.

எல்லாத் தொட்டியும் இப்படிச் சீறுவதில்லை. துறைமுகங்களிலும் பெரிய உர ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான டன் அமோனியாவை அழுத்தமே இல்லாமல் மைனஸ் 33-க்குக் குளிர்வித்து வைப்பார்கள். அதில் ஓட்டை விழுந்தால் சீறல் இல்லை. திரவம் வழிந்து குட்டையாகத் தேங்கும். முதலில் தரையின் சூட்டில் தளதளவென்று கொதிக்கும். தரை உறைந்ததும் கொதி தணிந்து மெதுவாக ஆவியாகும். மொத்தம் அதிகம் என்றாலும் கையாள நேரம் கிடைக்கிறது. அளவைக் கேட்டதும் மிரண்டுபோகாமல், எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

தண்ணீரைத் தேடும் வாயு

பழைய ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் அமோனியா வாயுவை நிரப்பி, வாயில் நீண்ட குழாயைச் செருகித் தலைகீழாக நீர்த்தொட்டியின் மேல் பிடிப்பார்கள். குடுவைக்குள் ஓரிரு சொட்டு நீரைச் செலுத்தினால் போதும். அந்தச் சொட்டுகள் வாயுவை விழுங்கிவிட, உள்ளே வெற்றிடம் உண்டாகி, கீழேயுள்ள நீர் குழாய் வழியே நீரூற்றாகப் பீறிட்டு ஏறும். நீரில் சில சொட்டு பினாப்தலீன் கலந்திருந்தால் ஊற்று இளஞ்சிவப்பாகத் தெறிக்கும். 20 டிகிரியில் ஒரு கன அளவு நீர் சுமார் 700 கன அளவு அமோனியாவைக் கரைத்துக்கொள்கிறது. கரைசல் காரத்தன்மை கொண்டது என்பதற்கு அந்த இளஞ்சிவப்பு அடையாளம்.

மனித உடம்பில் ஈரமான இடம் எது? கண், மூக்கு, தொண்டை, நுரையீரல், வியர்த்த அக்குள், கழுத்து மடிப்பு. அமோனியா முதலில் தாக்கும் இடங்களின் பட்டியலும் அதுவே. வாயு ஈரத்தில் கரைகிறது, கரைந்த இடத்தில் காரமாகிறது, காரம் திசுவை அரிக்கிறது. அமோனியாவின் நச்சுத்தன்மையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதுதான்.

அமிலம் கண்ணில் பட்டால் மேற்பரப்புப் புரதம் உறைந்து ஒருவகைத் திரையாகிறது. அது மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அந்தத் தடை கிடையாது. செல் சவ்விலுள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கருவிழியைத் தாண்டி லென்ஸ் வரை போக அதிக நேரம் எடுக்காது. அதனால்தான் கண்ணில் பட்டால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன் தண்ணீரைத் தேடி ஓட வேண்டும். இமையை விரல்களால் பிரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் நிறுத்தாமல் கழுவ வேண்டும். மருத்துவமனை போகும் வழியிலும் முடிந்தால் தொடர வேண்டும். காரத்துக்கு மாற்று அமிலம்தானே என்று வினிகரையோ எலுமிச்சையையோ நாடுவது புண்ணுக்கு மேல் புண். வெறும் தண்ணீர், நிறைய.

மூச்சுப்பாதையில் இதே கரைதிறன் ஒரு காவலாகவும் இருக்கிறது. குறைந்த அளவில் வரும் அமோனியா மூக்கிலும் தொண்டையிலுமே கரைந்து தீர்ந்துபோவதால் நுரையீரலின் அடிவரை போவதில்லை. எரிச்சல் தாங்காமல் ஆளும் வெளியே ஓடிவிடுவார். நீரில் அவ்வளவாகக் கரையாத பாஸ்ஜீன் போன்ற வாயுக்கள் சத்தமில்லாமல் அடிவரை இறங்கிவிடும். அந்த வகையில் அமோனியா எச்சரித்துவிட்டு அடிப்பது. ஆனால் ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்டாலோ, அளவு மிகுந்தாலோ, தொண்டை வீங்கி மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ‘இப்போது பரவாயில்லை’ என்று வீட்டுக்குப் போனவர் இரவில் மூச்சுவாங்கத் தொடங்குவது இதனால்தான். பலமாகச் சுவாசித்தவரை ஒரு நாளாவது மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது அவசியம்.

அளவு என்று சொல்லும்போது பி.பி.எம். என்ற கணக்கு வரும். பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்பது அதன் பொருள். கூர்மையான மூக்குக்கு 5 பி.பி.எம். அளவிலேயே நெடி தெரியும். சிலருக்கு 50 வரை ஏற வேண்டியிருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சொல்லும் வரம்பு 25, பதினைந்து நிமிடத்துக்கு 35. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அதே அமைப்பு கோடு கிழிப்பது 300-ல். 700 வாக்கில் கண்ணைத் திறக்க முடியாது. 1,700 அளவில் இருமல் விடாது, குரல்வளை இறுகும். 2,500 முதல் 4,500 வரை அரை மணியில் உயிர் போகலாம். 5,000-க்கு மேல் நிமிடக் கணக்கு.

இதில் நெடி என்ற எண்ணை மட்டும் நான் அதிகம் நம்புவதில்லை. தினமும் அந்தக் காற்றிலேயே இருப்பவர்களின் மூக்கு மரத்துப்போகிறது. புதிதாக உள்ளே வருபவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, பழைய ஆள் ‘ஒன்றும் இல்லையே’ என்பார். ஆளின் மூக்கை அளவுகோலாக வைக்கக் கூடாது, மீட்டர் வேண்டும்.

திரவமே மேலே பட்டால் இரட்டை அடி. ஒன்று மைனஸ் 33 டிகிரிக் குளிர்ப்புண், இன்னொன்று காரப்புண். திரவம் நனைத்த சட்டை தோலோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பதறிப்போய் அதைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். முதலில் தண்ணீர் ஊற்றி ஒட்டலை இளக்க வேண்டும். சட்டையைக் கழற்றுவது அதற்குப் பிறகு. களிம்பு, எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. அவை காரத்தைத் தோலோடு மூடிவைத்துவிடும்.

தண்ணீர் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

தீங்கு செய்யும் அதே குணம் அமோனியாவை அடக்கவும் உதவுகிறது. காற்றில் மிதக்கும் மேகத்தின் பாதையில் மெல்லிய நீர்த்திரையைப் பீய்ச்சினால் வாயு அதில் கரைந்து இறங்கிவிடும். தீயணைப்பு வீரர்கள் குழாய் முனையை மூடுபனி நிலைக்குத் திருப்பிக் காற்று போகும் பக்கத்தில் சுவர் எழுப்புவது இதற்காகத்தான்.

ஆனால் தேங்கிக் கிடக்கும் திரவக் குட்டையின் மேல் தண்ணீர் அடித்தால் விபரீதம். அந்தக் குட்டைக்கு 25 டிகிரித் தண்ணீர் என்பது கொதிக்கும் வெந்நீருக்குச் சமம். கரையும்போது வெளிப்படும் வெப்பமும் சேர்ந்துகொள்ள, அமைதியாகக் கிடந்தது குமுறி எழுந்து மேகமாகிவிடும். ஓட்டையின் மேலும், பாதுகாப்பு வால்வின் மேலும் நேராக நீரடிக்கக் கூடாது. பனிக்கட்டி பிடித்து வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். இன்னொன்று, காலியான தொட்டிதானே என்று ஆவி மட்டும் மிச்சமிருக்கும் மூடிய தொட்டிக்குள் தண்ணீர் விட்டால், அந்தக் குடுவைச் சோதனை பிரம்மாண்ட அளவில் நடக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி இரும்புத் தொட்டி அப்படியே நசுங்கும்.

அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது. 2002 ஜனவரி 18 நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் நகரத்தை ஒட்டி ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. ஐந்து டேங்கர் பெட்டிகள் உடனே உடைந்து ஐந்தரை லட்சம் லிட்டர் அமோனியா கொட்டியது. கடும் குளிர், மேலே எழ முடியாமல் மேகம் குடியிருப்புகள் மீது படுத்துக்கொண்டது. அதன் எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 11,600 பேர். இறந்தவர் ஒருவர். அவசர உதவி எண்ணில் பேசியவர்கள், வெளியே வராதீர்கள், குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்துவிடுங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷவர் நீர் வாயுவைக் கரைக்கும், ஈரத்துணி மூக்குக்கு முன்னால் இன்னொரு மூக்காக நிற்கும். வேதியியல் தெரியாதவருக்கு வினோதமாகப் படக்கூடிய அந்த அறிவுரைக்குப் பின்னால் இருந்தது ஒன்பதாம் பிரிவின் கரைதிறன் எண்தான்.

மேகம் வாசல்வரை வந்துவிட்டால் வீட்டுக்குள் இருப்பதே மேல். கதவு, ஜன்னல், ஏசி, மின்விசிறி எல்லாவற்றையும் மூடி நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி அடைக்கலாம். வெளியில் மாட்டிக்கொண்டால் காற்று வீசும் திசையிலேயே ஓடக் கூடாது. மேகமும் அதே வழியில்தான் வருகிறது. காற்றுக்குக் குறுக்காக விலகி, மேட்டுப் பகுதிக்குப் போக வேண்டும். உள்ளே விழுந்து கிடப்பவரை இழுத்துவர ஈரத்துணியை நம்பி ஓடுவது இன்னொரு சாவில் முடியும். 300 பி.பி.எம். தாண்டிய இடத்துக்கு வடிகட்டி முகமூடியும் போதாது. தனிக் காற்றுச் சிலிண்டர் பூட்டிய சுவாசக் கருவியும் முழு உடையும் வேண்டும்.

எரியுமா?

எரியும், ஆனால் சுலபத்தில் இல்லை. காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். தானே தீப்பிடிக்க 650 டிகிரி வேண்டும். 15 சதவீதம் என்பது ஒன்றரை லட்சம் பி.பி.எம்.; அந்த அளவுக்கு வெகுமுன்பே மனிதர் செத்திருப்பார். ஆகவே திறந்த வெளியில் தீ இரண்டாம் கவலை. மூடிய அறையில் அப்படிச் சொல்ல முடியாது. 1984-ல் அமெரிக்காவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கசிவை நிறுத்த உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் இருவர் வெடிப்பில் சிக்கினார்கள், ஒருவர் இறந்துவிட்டார். கம்ப்ரசர் எண்ணெயின் துளிகளும் அமோனியாவோடு கலந்திருந்தால் இன்னும் குறைந்த அளவிலேயே பற்றிக்கொள்ளும்.

உலோகங்களில் செம்பு, பித்தளை, துத்தநாகம் மூன்றும் அமோனியாவுக்கு ஆகாது. ஈரம் சேர்ந்தால் அரித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் குழாயில் போடும் பித்தளை வால்வு அங்கே கைவசம் இருக்கிறதே என்று மாட்டினால் அது விரிசல் விட்டு உடையும். எல்லாம் இரும்பாகவோ எஃகாகவோ இருக்க வேண்டும். எஃகுக்கும் ஒரு பலவீனம் உண்டு. துளிகூட ஈரமில்லாத அமோனியாவில் சிறிது ஆக்சிஜன் கலந்திருந்தால், இழுவிசைக்கு உட்பட்ட எஃகில் நுண்விரிசல் ஓடும். அதைத் தடுக்க அமோனியாவில் 0.2 சதவீதம் தண்ணீரை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாள். மூட்டுக்கருகில் கொண்டுபோனால் ஓட்டை இருக்குமிடத்தில் நீலமாகிவிடும். குளிர்குழாயின் மேல் படியும் வெண்பனியைக் கசிவு என்று எண்ண வேண்டாம். அது வெளிக்காற்றின் ஈரம். வால்வுத் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு வளையம் போல் தெரிந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே சுற்றும் கம்ப்ரசர் எண்ணெய் அமோனியாவோடு சேர்ந்து வெளியே கசிந்திருக்கும்.

வீட்டுத் துப்புரவுக்கு விற்கும் அமோனியாக் கரைசலில் 5 முதல் 10 சதவீதம்தான் அமோனியா. அதுவே கண்ணில் பட்டால் காயம் நிச்சயம். அதைவிட, பளிச்சென்று வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் திரவத்தையும் அதோடு கலப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு கிளம்பும். கதவடைத்த கழிப்பறையில் அது மூச்சை நிறுத்தப் போதுமானது. தொழிற்சாலையிலும் குளோரினையும் அமோனியாவையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்பது பழைய விதி.

மேகத்தைக் கரைத்து இறக்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அமோனியா அதில் மறைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கழிவுநீர் ஓடையில் கலந்தால் மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கும். நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது: மின்னூட்டம் பெற்ற அமோனியம், ஊட்டமில்லாத அமோனியா. மீனின் செவுள் வழியே புகுந்து கொல்வது பெரும்பாலும் இரண்டாவது. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். தீர்மானிக்கிறது; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் ஊட்டமில்லாத பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 8 என்றால் சுமார் 5 சதவீதம். 9 என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். கசிவு பெரிதாக இருந்தால் அந்த நீரே காரமேறிக் கிடக்கும் என்பதால் கணக்கு எப்போதும் மீனுக்கு எதிராகத்தான் விழும். எனவே நீர்த்திரை அடிக்கத் தொடங்கும்போதே வடிகால் வாய்களை அடைத்து, நீரைத் தனிக்குட்டையில் தேக்கி, பி.எச். அளந்து, அதைச் சரிசெய்த பிறகே சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.